தட்டுத் திரும்பி வராத கடை

எமது மகளுக்கு 2025 ஐப்பசியில் பதினேழு வயது நிறைந்தது. நிறைந்த கையோடு வீட்டுக்கு அண்மையிலுள்ள கோப்பிக்கடை ஒன்றில் பின்னேர வேலைக்குச் சேர்ந்துகொண்டாள். படிக்கிற பிள்ளைக்கு வேலை எதற்கு என்று நாம் முணுமுணுத்தோம். பழைய வாத்தியார்ப் புத்தி இலேசில் போகாது. கார்த்திகையில் முதற் சம்பளம் அவளது வங்கிக் கணக்குக்கு வந்து சேர்ந்த அன்று, "அம்மாவையும் அப்பாவையும் நான் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போகப்போறன்" என்றாள். அதன் பின்னர் நாம் முணுமுணுக்கவில்லை.

எங்கே போவது என்பதை அவளே தீர்மானித்திருந்தாள். தோசைக்கடையாக இருக்கும் என்று நாம் உள்ளூர எதிர்பார்த்தது நடக்கவில்லை. பள்ளித் தோழிகள் கூடிப்போகின்ற புரிற்றோக் கடை ஒன்றுக்கே போவதென்று முடிவாயிற்று. அன்று வெள்ளிக்கிழமை. எமது துணைவியார் வெள்ளிக்கிழமைகளில் மச்சம் தொடுவதில்லை. ஊரிலும் அப்படித்தான், அகதி முகாமிலும் அப்படித்தான், பனி கொட்டும் இந்நாட்டிலும் அப்படித்தான். "அங்கை மரக்கறியும் இருக்கம்மா. அவரையும் சோறும் போட்டுச் சுத்தித் தருவினம்" என்று மகள் உறுதியளித்தாள்.

கடையின் பெயரை இங்கு நாம் எழுதப்போவதில்லை. வாசகர்கள் ஊகிக்க முயலவும் வேண்டாம். ஒரே பெயரில் நகரெங்கும் கிளை பரப்பிய கடைகளுள் அதுவும் ஒன்று. துரித உணவுக்கடைக்கு ஒரு படி மேலே, மேசைக்கு வந்து பரிமாறும் உணவகத்துக்கு ஒரு படி கீழே என்று இவ்வகைக் கடைகளைச் சொல்லலாம். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் சோறு, அவரை, இறைச்சி வகைகள், தக்காளிச் சம்பல், சீஸ், சலாது இலை எல்லாம் உருக்குப் பாத்திரங்களில் வரிசையாக இருக்கும். நாம் இப்பால் நகர்ந்து நகர்ந்து இது, இது என்று விரலால் காட்ட வேண்டும். அப்பால் நிற்பவர் அகப்பையால் அள்ளிக் கோதுமை ரொட்டியில் வைத்து, மடித்துச் சுருட்டி, அலுமினியத் தாளில் பொதிந்து தருவார். கோயில் அன்னதான வரிசையில் நின்று பழகிய எமக்கு இம்முறை அந்நியமாகத் தோன்றவில்லை.

புரிற்றோ என்னும் ஸ்பானியச் சொல்லுக்குச் சின்னக் கழுதை என்று பொருள். ஏன் இப்பெயர் வந்தது என்பதற்குக் கதைகள் பல உண்டு. ஒன்றையும் நம்பத் தேவையில்லை. ஆனால் 1895இல் பெலிஸ் ராமோஸ் இ துவார்த்தே என்பவர் வெளியிட்ட மெக்சிக்கோ வழக்குச் சொல்லகராதியில் இச்சொல் இருக்கிறது. உள்ளே இறைச்சியோ வேறொன்றோ வைத்துச் சுருட்டிய ரொட்டி என்றும், குவானஹுவாற்றோ மாநிலத்து வழக்கு என்றும் அது குறிக்கிறது. ஸ்பானியர் கொண்டுவந்த கோதுமை மெக்சிக்கோவின் வடபுலத்தில் நன்றாக விளைந்ததனால், அங்குள்ளோர் சோளத்துக்குப் பதிலாகக் கோதுமையில் அகன்ற மெல்லிய ரொட்டி தட்டப் பழகினர். சோறும் அவரையும் திணித்து, ஒரு கைக்குழந்தையின் பருமனில் அலுமினியத் தாள் சுற்றிய இன்றைய வடிவம் மெக்சிக்கோவில் பிறந்ததன்று. அது 1960களில் சான் பிரான்சிஸ்கோ நகரின் மிஷன் பகுதியிலே, குடிபெயர்ந்து வந்தோரின் சிறு கடைகளில் உருவாயிற்று. 1961இல் நாமே முதலில் விற்றோம் என எல் பாரோ என்னும் கடையும், 1969இல் நாமே என லா கும்ப்ரே என்னும் கடையும் உரிமை கோரி வந்துள்ளன. ஆக, இது நம்மைப் போன்றோரின் பண்டம். ஊரைவிட்டு வந்தவர்கள், வந்த இடத்து வேலையாட்களின் பசிக்கு ஏற்ப, கையில் பிடித்துத் தின்னத்தக்கதாகப் பெருப்பித்துச் செய்தது. மகளுக்கு இதையெல்லாம் காரில் போகும்போதே விளக்கினோம். அவள் காதில் பாட்டுக் கருவியை மாட்டியிருந்ததைக் கடை வாசலில்தான் கண்டோம்.

நிற்க. கடைக்குள் நுழைந்தபோது மணி ஆறு நாற்பது. எமக்கு முன்னே பதினொரு பேர். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருவர் மட்டுமே நின்றனர். அவர்களுள் ஒருவர் வரிசையில் நின்ற எவரையும் ஏறிட்டும் பார்க்கவில்லை. பின்புறத்தில் இன்னொரு பாத்திர வரிசை இருந்தது. கைத்தொலைபேசி வழியாக வந்த கட்டளைகளைச் சிறு இயந்திரம் ஒன்று கடதாசித் துண்டுகளாகத் துப்பிக்கொண்டேயிருக்க, அவர் அவற்றைப் பொதி செய்து தட்டில் அடுக்கியவாறிருந்தார். அப்பொதிகளைக் கொண்டுபோய்க் கொடுக்க வந்து காத்து நின்றவர்களில் இருவர் நம்மவர். பனிச்சட்டையைக் கழற்றாமல், தொலைபேசியில் ஓடும் நிமிடங்களைப் பார்த்தபடி நின்றார்கள். நேரில் வந்து நிற்பவனைக் காட்டிலும் வராதவனுக்கு முந்திச் சோறு கிடைப்பதை அன்று கண்டோம்.

வரிசை முழுவதையும் தனியே கவனித்தவர் இருபது வயதுக்கு மேற்படாத ஓர் இளம்பெண். எமது முறை வந்தபோது முப்பத்தைந்து நிமிடங்கள் கழிந்திருந்தன. துணைவியார், அவரையில் இறைச்சியோ கொழுப்போ கலந்திருக்கிறதா என்று மகள் வாயிலாகக் கேட்டார். "இல்லை என்று நினைக்கிறேன்" என்று விடை வந்தது. நினைப்பதற்கும் அறிவதற்கும் உள்ள வேறுபாடு வெள்ளிக்கிழமைக்காரருக்குப் பெரிது. மகள் மீண்டும் கேட்டாள். அப்பெண் பின்னே திரும்பி மற்றவரைக் கேட்டார். அவர் தோளைக் குலுக்கினார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒன்ராறியோ மாகாணத்தில் 20 கிளைகளோ அதற்கு மேலோ உள்ள உணவுக்கடைகள் ஒவ்வொரு பண்டத்தின் கலோரி அளவையும் பட்டியற் பலகையில் எழுதிவைக்க வேண்டும் என்பது 2017 ஜனவரி முதலாம் திகதி தொடக்கம் சட்டம். அவ்வாறே எங்கள் தலைக்கு மேலே எண்கள் வரிசையாக ஒளிர்ந்தன. அவரையில் எத்தனை கலோரி என்று அக்கடைக்குத் தெரிந்திருக்கிறது. அவரையில் பன்றிக்கொழுப்பு இருக்கிறதா என்றுதான் அங்கு நின்ற எவருக்கும் தெரியவில்லை. நமக்கு வெள்ளிக்கிழமை என்றால் எமது இஸ்லாமியச் சகோதரருக்கு எந்நாளும் அக்கேள்வி உண்டு.

சரி, அவரை வேண்டாம், சோறும் மரக்கறியும் போதும் என்று துணைவியார் இறங்கி வந்தார். அப்போதுதான் அது நடந்தது. எமது ரொட்டியில் கோழியிறைச்சியை வைத்தபோது மேடையில் சிதறிய துண்டுகளை அப்பெண் கையுறையணிந்த விரல்களால் கூட்டி அள்ளி உள்ளே போட்டார். அதே விரல்களைச் சலாதுப் பாத்திரத்துக்குள் விட்டு ஒரு பிடி எடுத்துத் துணைவியாரின் ரொட்டியில் தூவினார். மகள் பதறி, "கையுறையை மாற்ற முடியுமா, அம்மா இறைச்சி சாப்பிடுவதில்லை" என்று பணிவாகவே கேட்டாள். அப்பெண் வரிசையைப் பார்த்தார். எமக்குப் பின்னே அப்போது ஒன்பது பேர். கையுறையை ஈரத்துணியில் ஒருமுறை துடைத்துவிட்டு மேலே தொடர்ந்தார்.

அவர் முகத்தில் ஆணவமோ அலட்சியமோ இருக்கவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். களைப்பு மட்டுமே இருந்தது.

பணம் செலுத்தும் இடத்தில் சிறு திரை ஒன்று மகளின் பக்கமாகத் திருப்பிவைக்கப்பட்டது. ரிப்ஸ் 15 வீதமா, 18 வீதமா, 20 வீதமா? ஒன்றுமில்லை என்பதற்கும் இடமிருந்தது. அதைத் தேடிக் கண்டுபிடிக்கவேண்டும். மேசைக்கு வந்து பரிமாறாத, தண்ணீர் கொண்டுவந்து வைக்காத, குப்பையையும் நாமே கொண்டுபோய்ப் போடவேண்டிய இடத்தில் எதற்குப் பரிமாறியதற்கான பணம் என்று எமது நா துடித்தது. மகள் 15ஐ அழுத்திவிட்டாள். பண்டங்கள் 48.10 டொலர், வரி 6.25, ரிப்ஸ் 8.15, ஆக 62.50. பதினெட்டு வயதுக்குட்பட்ட மாணவருக்கு 2025 ஒக்ரோபரில் இம்மாகாணம் வகுத்த அடிப்படைச் சம்பளம் மணிக்கு 16.60 டொலர். வகுத்துப் பாருங்கள்: எமது பிள்ளை ஏறத்தாழ மூன்றே முக்கால் மணித்தியாலம் நின்று கோப்பி ஊற்றிய காசு.

உணவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சோறு மேலே காய்ந்தும் உள்ளே நீர் கோத்தும் இருந்தது. கோழியில் உப்பைத் தவிர வேறு சுவை அகப்படவில்லை. ரொட்டி இரண்டாம் கடியிலேயே அடியில் கிழிந்து கைவழியே சாறு ஒழுகியது. மகள் "நல்லாயிருக்கு, என்னப்பா?" என்று கேட்டாள். ஆம் என்றோம். ஆசிரியத் தொழிலில் இருந்த காலத்திலும் இவ்வளவு துணிந்து பொய் சொன்னதாக நினைவில்லை. துணைவியார் தமது பொதியைப் பிரிக்கவில்லை. "எனக்குப் பசியில்லைப் பிள்ளை, மத்தியானம் வடிவாச் சாப்பிட்டிட்டன். நீங்கள் சாப்பிடுங்கோ" என்று தண்ணீரை மட்டும் குடித்தார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். முதற் சம்பளத்தில் தாய்க்கு ஒரு நேரச் சாப்பாடு கொடுக்க ஆசைப்பட்ட பிள்ளைக்கு, அந்தப் பிரிக்கப்படாத அலுமினியப் பொதி எப்படி இருந்திருக்கும் என்பதைப் பெற்றவர்கள் அறிவார்கள்.

எழுந்துபோய்ப் பொறுப்பாளரை அழைக்கலாம் என்று நாற்காலியைத் தள்ளினோம். "அப்பா, விடுங்கோ. அந்தப் பிள்ளை மூண்டு பேற்றை வேலையைத் தனியச் செய்யுது. எங்கடை கடையிலையும் வெள்ளிக்கிழமை இப்படித்தான்" என்று மகள் மெல்லச் சொன்னாள். மீண்டும் அமர்ந்தோம்.

அமர்ந்திருந்தபோது எமது பழைய நிலவறைச் சமையலறை நினைவுக்கு வந்தது. ரொறன்ரோ நகரத்துச் சமையலறைகளில் நம்மவர் எத்தனை பேர் நின்று கால் வீங்கினோம் என்பதை இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. நாமும் 2001இல் வந்திறங்கியதன் பின்னர், கலைப்பட்டத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு, இத்தாலிய உணவகம் ஒன்றின் நிலவறையில் நான்கு ஆண்டுகள் கோப்பை கழுவினோம். அங்கே தலைமைச் சமையற்காரர் ஒருவர் இருந்தார். வாய் பொல்லாதது. எமக்குப் புரியாத மொழியில் எம்மைத் திட்டியிருக்கிறார் என்பதும் எமக்குப் புரியும். ஆயினும் அவரிடத்தில் ஒரு பழக்கம் இருந்தது. உண்ணாமல் பாதியில் விடப்பட்ட தட்டு எதுவும் கழுவுதொட்டிக்கு வந்தால், கழுவுமுன் தமக்குக் காட்ட வேண்டும் என்பது அவர் கட்டளை. காட்டினால், தட்டின் தொடாத பக்கத்திலிருந்து கரண்டியால் ஒரு வாய் எடுத்துச் சுவைப்பார். சில வேளை ஒன்றும் பேசாமல் போவார். சில வேளை அடுப்பிலிருந்த சட்டி முழுவதையும் கொட்டுவித்துப் புதிதாகச் செய்விப்பார். மேலே யார் உண்டார், யார் விட்டார் என்பது எம் கைக்கு வரும் தட்டின் வழியாகவே அவருக்குத் தெரியவரும்.

இப்புரிற்றோக் கடையில் திரும்பி வருவதற்குத் தட்டே இல்லை. உண்ணாதது அலுமினியத் தாளோடு நேரே குப்பைத்தொட்டிக்குள் போகிறது. துணைவியாரின் பொதியும் அப்படியே போயிற்று, இறுக்கிச் சுற்றியபடியே. ஒரு பெண் ஒரு வாய்கூடத் தின்னாமல் எழுந்துபோனாள் என்பது அச்சோற்றை அவித்தவருக்குத் தெரியாது, அள்ளியவருக்குத் தெரியாது, எங்கோ ஒரு தலைமையகத்தில் இருந்துகொண்டு அகப்பையின் அளவைத் தீர்மானித்தவருக்குத் தெரியவே தெரியாது. வாய்விட்டுக் குறை சொன்னாலும், நீங்கள் விரலால் காட்டியதைத்தானே போட்டோம் என்று சொல்ல அங்கு வழி இருக்கிறது. இரண்டு பேரைக் கொண்டு ஐந்து பேர் வேலையை நடத்தும் சிக்கனம் அப்பெண்ணின் யோசனையுமன்று. அவளும் கண்ணாடியின் அப்பக்கத்தில் நிற்கும் இன்னொரு வாடிக்கையாளர்தான், கூலி பெறுகின்ற வாடிக்கையாளர்.

மெக்சிக்கோ நாட்டவர் சோளத்தை நேரே அரைப்பதில்லை. சுண்ணாம்பு நீரில் அவித்து, ஊறவைத்து, தோல் கழுவிய பின்னரே அரைப்பார்கள். நிக்ஸ்தமால் என்று அதற்குப் பெயர். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகின்ற நமக்கு இது விளங்கக்கூடிய பக்குவந்தான். ஐரோப்பியர் சோளத்தைத் தம் நாடுகளுக்குக் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பைக் கொண்டுபோகவில்லை. சோளமே உணவாகிப்போன ஏழைகளுக்குத் தோல் வெடித்தது, வயிறு கெட்டது, புத்தி பேதலித்தது. பெலாக்ரா என்னும் அந்நோயை 1735இல் ஸ்பெயின் நாட்டு வைத்தியர் கஸ்பார் கசால் கண்டு விவரித்தார். வட இத்தாலியிலும், பின்னர் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் அது பெருந்தொகையானோரைக் கொன்றது. சோளத்திலுள்ள நியாசின் என்னும் உயிர்ச்சத்து சுண்ணாம்பில் அவித்தாலன்றி உடலில் சேராது என்ற காரணம் விளங்கியது இருபதாம் நூற்றாண்டில்தான். பண்டத்தை எடுத்துக்கொண்டு பக்குவத்தை விட்டுவிட்டுப் போன கதை அது. புரிற்றோ கோதுமையில் செய்வது, அதற்குச் சுண்ணாம்பு வேண்டியதில்லை. ஆயினும் கிழிந்த ரொட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தபோது, மிஷன் பகுதிச் சிறு கடைகளிலிருந்து இவர்கள் எதை எடுத்து வந்தார்கள், எதை விட்டு வந்தார்கள் என்றே யோசித்தோம். அலுமினியத் தாள் வந்திருக்கிறது.

இதை எழுதுகையில் நம்மவர் கடைகளைப் பற்றி மௌனமாக இருந்தால் நடுநிலையாகாது. பருப்புக்குள் மீன்முள் அகப்பட்ட அனுபவம் எமது வீட்டிலும் உண்டு. ஒரே அகப்பை எல்லாக் கறிக்குள்ளும் போய் வருகின்ற கடைகளை ஸ்காபரோவில் நாம் காட்ட முடியும். ஆனால் அம்முள்ளைக் கடதாசியில் சுற்றிக்கொண்டுபோய் முதலாளியின் மேசையில் வைத்தபோது, அவர் முகம் கறுத்து, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ மாஸ்ரர்" என்று சொல்லி, உள்ளே போய் யாரையோ ஏசினார். அடுத்த கிழமை பருப்புப் பாத்திரத்துக்குத் தனி அகப்பை வந்திருந்தது. ஒரு மாதத்தில் அது காணாமற் போனது வேறு கதை.

வீடு திரும்பிப் பற்றுச்சீட்டைப் பார்த்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. மகள் தனக்குக் கேட்ட அவகாடோக் கூழ் முடிந்துவிட்டது என்று சொன்னார்கள். அதற்குரிய 3.25 டொலரை மட்டும் எடுத்திருந்தார்கள். அன்றிரவே தலைமையகத்துக்கு ஒரு மடல் எழுதினோம். அப்பெண்ணைப் பற்றி ஒரு சொல் இல்லாமல், மூன்று விடயங்கள்: அவரையில் என்ன கலந்திருக்கிறது என்று கடையில் எழுதிவையுங்கள், மரக்கறி உண்போர் கேட்டால் கையுறையை மாற்றுவதற்கு நேரம் கொடுக்கத்தக்க ஆளணியை நிறுத்துங்கள், 3.25ஐத் திருப்பித் தாருங்கள். நகரச் சுகாதாரப் பகுதிக்கும் முறையிடலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். சூடாக வைக்கவேண்டிய உணவு இம்மாகாணத்தில் 60 பாகை செல்சியசுக்குக் கீழே போகக்கூடாது என்பது விதி. அவ்வாறான ஐயம் உள்ளவர்கள், கடையில் உண்டு நோயுற்றவர்கள், 311 என்ற இலக்கத்தை அழைத்துச் சொல்லத் தயங்கக்கூடாது. பெயர் தெரிந்துவிடும், விசாவுக்குப் பங்கம் வரும் என்று அஞ்சுவோர் இன்னும் இருக்கிறார்கள், உணவு முறைப்பாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. எமது சோறு ஆறியிருந்தது உண்மை, ஆனால் அளந்து பார்க்க எம்மிடம் கருவி இருக்கவில்லை. சுவையில்லாத சோறு குற்றமாகாது. ஆகவே அங்கு முறையிடவில்லை.

மடலை மின்னஞ்சலில் அனுப்பி நான்கு நிமிடத்தில் பதில் வந்தது. எமது உணவின் அளவு குறைவாக இருந்ததையிட்டு மிகவும் வருந்துவதாக எழுதியிருந்தார்கள். அளவைப் பற்றி நாம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அவரை பற்றியோ கையுறை பற்றியோ 3.25 பற்றியோ அதில் ஒரு வரியும் இல்லை. எந்த மனிதரின் கையொப்பமும் இல்லை. கீழே இரு புரிற்றோக்களை இலவசமாகப் பெறுவதற்கான கூப்பன் ஒன்று இணைக்கப்பட்டிருந்தது.

அதைக் கிழித்தெறியும் எண்ணத்துடன்தான் அச்சிட்டெடுத்தோம். துணைவியார் வாங்கிக் குளிர்சாதனப்பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டிவிட்டார். அங்கேதான் இருக்கிறது. 2026 ஜனவரி 31 வரை செல்லுபடியாகும். மகள் வேலைக்குப் போகும்போதெல்லாம் அதைக் கடந்து போகிறாள், ஒன்றும் சொல்வதில்லை. நேற்றுக் காலை துணைவியார் நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அந்த 31ஆம் திகதி சனிக்கிழமை என்று அவளுக்குக் கேட்கும்படியாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை இல்லையாம்.